படிக்காமல் போடும் கையெழுத்து... பறிபோவது ஐந்து வருஷம்!

நடிக்கப் போகும் பிள்ளைகளும் பெற்றோரும் யோசிக்க வேண்டிய விஷயம்

நெய்வேலி நகரியத்தில் 'ஒப்பந்தம்' என்ற சொல்லுக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தர வேண்டாம். டீக்கடை பெஞ்சில் கேட்டாலே விளக்கம் கிடைக்கும்.

நிரந்தரத் தொழிலாளிக்கு ஊதிய ஒப்பந்தம். தினக்கூலிக்காரருக்குக் காண்டிராக்டு. கடைக்காரருக்கு வாடகை ஒப்பந்தம். 2012-லும் 2014-லும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வாரக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது ஊர் முழுக்க அந்த ஒரே பேச்சுத்தான்.

ஊதிய ஒப்பந்தம் வருகிறது என்றால் சும்மா விடுவார்களா? எத்தனை வருஷத்துக்கு? பஞ்சப்படி எப்படி? அரியர்ஸ் எந்த மாதத்திலிருந்து? வரி வரியாகப் பிரித்து மேய்வார்கள். ஒரு வார்த்தை இடம் மாறினாலும் கேட் கூட்டத்தில் கேள்வி கிளம்பும்.

அதே வீட்டுப் பிள்ளை, "நான் சினிமாவிலே நடிக்கப் போறேன்ப்பா" என்கிறான். சென்னையிலிருந்து ஒரு மானேஜ்மெண்டு கம்பெனி, பன்னிரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷ் அக்ரிமெண்டு ஒன்றை நீட்டுகிறது. தகப்பனார் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார். "எங்கே சார் கையெழுத்து?" என்று கேட்கிறார்!

வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது விபரீதம்.

ஆசை தப்பில்லை

நடிக்க ஆசைப்படுவது தப்பே இல்லை. நெய்வேலிப் பிள்ளைகளுக்கு மேடை புதிதல்ல. இங்கே நடக்கும் புத்தகக் கண்காட்சியை ஒட்டிக் குறும்படப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். இப்போது கையில் ஒரு போன் இருந்தால் போதும். வட்டத்துக்கு நாலு பேர் வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அது ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர் பார்வைக்குப் போகிறது.

2020 பிப்ரவரி மாதத்தை இந்த ஊர் மறந்திருக்காது. 'மாஸ்டர்' படப்பிடிப்புக்காக விஜய் என்.எல்.சி. சுரங்கத்துக்கு வந்திருந்தார். அவர் பஸ் மேலே ஏறி நின்று கூட்டத்தோடு எடுத்த செல்பி படம் நாடு முழுக்கப் பரவியது.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. வருமான வரி அதிகாரிகள் படப்பிடிப்புத் தளத்துக்கே வந்தார்கள். 'பிகில்' பட விவகாரமாக விசாரிக்க அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள்.

செல்பியைப் பார்த்தவர்கள் லட்சம் பேர். நடிகரின் தொழிலில் பாதி, கேமராவுக்குப் பின்னாலே தாளிலும் கணக்கிலும் இருக்கிறது என்பதை அன்று எத்தனை பேர் கவனித்தார்கள்?

உச்சத்தில் இருக்கிறவருக்குத் தாளைப் பார்க்க ஆடிட்டர் உண்டு, வக்கீல் உண்டு. நெய்வேலியிலிருந்து பஸ் ஏறும் இருபது வயசுப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

இது படத்து ஒப்பந்தம் இல்லை!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நடிகர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் இரண்டு வகை.

ஒன்று, தயாரிப்பாளரோடு போடுவது. இந்தப் படம், இத்தனை நாள் கால்ஷீட், இவ்வளவு சம்பளம். படம் முடிந்தால் கணக்கும் முடிந்தது.

இன்னொன்று, மானேஜ்மெண்டு கம்பெனியோடு போடுவது. இதில் படமும் இல்லை, சம்பளமும் இல்லை. "உங்களுக்கு வாய்ப்புத் தேடித் தருவோம், பேரம் பேசுவோம், வரும் பணத்தில் எங்களுக்குப் பங்கு" என்பதுதான் சாரம். ஆனால் கட்டுவது ஒரு படத்தை அல்ல, ஆளையே! சினிமா, டி.வி., விளம்பரம், கடை திறப்பு, போனில் போடும் வீடியோ எல்லாமே அந்தக் கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுதியிருப்பார்கள்.

அந்தக் காலத்திலும் நடிகர்களைக் கட்டிப் போட்டார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னை ஜெமினி ஸ்டூடியோக்களில் மாதச் சம்பளம். வெளியே போய் நடிக்க அனுமதி வேண்டும். ஆனால் ஷூட்டிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் வந்தது, அடுப்பு எரிந்தது.

இன்றைய தாளில் கட்டு மட்டும் இருக்கிறது. மாதச் சம்பளம் எங்கே? "வாய்ப்புக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஏதோ ஒரு மூலையில் எழுதியிருக்கும். அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

ஜாகீர்கானுக்கு நடந்தது

ஒரு கிரிக்கெட்காரரின் வழக்கு இதற்கு நல்ல பாடம். நடிகர், பாடகர், விளையாட்டு வீரர் எல்லோருக்கும் இந்த விஷயத்தில் ஒரே சட்டந்தான்.

ஜாகீர்கான், மகாராஷ்டிராவில் ஸ்ரீராம்பூர் என்ற சிறிய ஊரிலிருந்து வந்தவர். 2000-ல் இந்திய அணியில் இடம் கிடைத்தது. அதே வருஷம் அக்டோபர் 30-ந் தேதி பெர்செப்ட் டிமார்க் என்ற கம்பெனியோடு 3 வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அவருடைய விளம்பர வேலைகளைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

அதிலே ஒரு ஷரத்து. 3 வருஷம் முடிந்த பிறகும் வேறு யாராவது அவரை அழைத்தால், அந்த விவரத்தை முதலில் இந்தக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அதே தொகையை இவர்கள் தரத் தயார் என்றால், இவர்களுக்கே முதல் உரிமை!

2003-ல் காலம் முடிந்தது. "முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்றார் ஜாகீர்கான். கம்பெனி பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போனது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை ஏறியது. 2006 மார்ச் 22-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒப்பந்த காலம் முடிந்த பிறகும் ஒருவரின் தொழிலைக் கட்டிப்போடும் ஷரத்து செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-வது பிரிவு!

ஆகா, சட்டம் நம்ம பக்கம் என்று துள்ள வேண்டாம். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, காலம் முடிந்த பிறகு போடும் பூட்டைத்தான் சட்டம் உடைக்கிறது. ஒப்பந்த காலத்துக்குள் "எங்களுக்கு மட்டுமே" என்று போட்ட பூட்டு சாதாரணமாக உடையாது. அஞ்சு வருஷம் என்று எழுதிக் கொடுத்தால் அஞ்சு வருஷந்தான்.

இரண்டு, ஜாகீர்கான் அதற்குள் இந்திய அணியின் பந்து வீச்சாளர். வக்கீல் வைத்து சுப்ரீம் கோர்ட்டு வரை நிற்க முடிந்தது. வாய்ப்புத் தேடி வடபழனியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையனால் முடியுமா?

தாளில் இருந்தால்தான் கணக்கு

தமிழ்ப் பட உலகிலேயே பாடம் இருக்கிறது. 'கொரோனா குமார்' படத்தில் சிம்பு நடிக்கவில்லை என்று வேல்ஸ் பிலிம் நிறுவனம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. சம்பளம் 9½ கோடி, அதில் 4½ கோடி கொடுத்துவிட்டோம் என்றது கம்பெனி. ஆனால் ஒப்பந்தத் தாளில் இருந்த தொகை 1 கோடிதான்! 2023 ஆகஸ்டில் கோர்ட்டு, தாளில் கண்ட அந்த 1 கோடிக்கு மட்டும் உத்தரவாதம் கட்டச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது.

கோடிக்கணக்கில் பேசுகிறவர்களுக்கே கோர்ட்டு கேட்டது ஒரே கேள்வி: "தாளில் என்ன இருக்கு?"

இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். 'பாஸ்கர் ஒரு ராஸ்கல்' படத்துக்குச் சம்பள பாக்கி என்று அரவிந்தசாமி வழக்குப் போட்டார். கையில் ஒப்பந்தம் இருந்தது. 2019-ல் வட்டியோடு பணத்தைக் கொடுக்கச் சொல்லி அவர் பக்கம் உத்தரவானது. தாள் நடிகரைக் கட்டவும் செய்யும், காக்கவும் செய்யும். எது என்பது கையெழுத்துக்கு முன்னால்தான் தீர்மானமாகிறது.

"வாய் வார்த்தையா சொன்னாரே, அண்ணே" என்று பிறகு அழுவதில் பிரயோஜனம் இல்லை. "படிக்காம போட்டுட்டேன்" என்பதும் கோர்ட்டில் சாக்கு ஆகாது.

கமிஷன் எதிலே?

கமிஷன் எத்தனை சதவீதம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தத் தொகையில் சதவீதம் என்று கேட்பவர்கள் குறைவு. சூட்சுமம் அங்கேதான்!

மந்தாரக்குப்பம் கடைக்காரருக்குப் புரியும் கணக்காகவே பார்க்கலாம். ஒரு விளம்பரத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரிப் பிடித்தம் 10 சதவீதம் போனால் 10 ஆயிரம் குறைந்தது. கமிஷன் 20 சதவீதம் என்றால் 20 ஆயிரம். மீதி 70 ஆயிரம். சரிதானே?

பொறுங்கள். "போட்டோ எடுத்த செலவு, நடிப்புப் பயிற்சிச் செலவு, விளம்பரச் செலவைக் கம்பெனி பிடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு ஷரத்து. அதற்கு 30 ஆயிரம் என்று ஒரு சீட்டு வருகிறது. மீதி 40 ஆயிரம். போக வர பஸ், தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் இதிலேதான். லட்ச ரூபாய் நடிகர் வீட்டுக்கு எடுத்துப் போவது என்ன?

செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். நடிகரின் சம்மதம் இல்லாமல் இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று எழுத வேண்டும். பில் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குத் தர வேண்டும். பிடித்த வரி நடிகரின் பான் எண்ணில் கட்டப்படுகிறதா, கம்பெனி பேரில் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். நடிகர் பேரில் இருந்தால், வருமானம் குறைவாக உள்ளவர் அதைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

அமெரிக்காவில் நடிகர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டுகள் கமிஷனாக 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. நம் நாட்டில் இப்படி வரம்பு கட்டும் தனிச் சட்டம் இல்லை. எழுதிக் கொடுத்ததுதான் சட்டம்!

நடிகரின் முதல் எது?

ஆனாலும் பணத்தைவிடப் பெரிசு ஒன்று இருக்கிறது. காலம்!

கடைக்காரருக்கு முதல் சரக்கு. நடிகருக்கு முதல் வயசு. இருபதிலிருந்து இருபத்தைந்து வரை கல்லூரிப் பையன் வேஷம் கிடைக்கும். போன வயசு எந்தக் கோர்ட்டிலும் திரும்பாது.

இதைப் பெரிய பெரிய நட்சத்திரங்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஹாலிவுட்டில் ஒலிவியா டி ஹாவிலண்டு என்று ஒரு நடிகை. வார்னர் பிரதர்ஸ் கம்பெனியோடு 7 வருஷ ஒப்பந்தம். கொடுத்த வேஷம் பிடிக்கவில்லை என்று அவர் மறுத்த நாட்களை எல்லாம் கம்பெனி சேர்த்து வைத்து, 7 வருஷத்துக்கு மேலே நீட்டியது. அவர் வழக்குப் போட்டார். 7 வருஷம் என்றால் காலண்டர் கணக்கில் 7 வருஷந்தான் என்று 1944-ல் கலிபோர்னியா அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இன்றைய பிள்ளைகள் விழுந்து விழுந்து கேட்கும் கொரியப் பாட்டு உலகிலும் இதே கதை. 2009-ல் டிவிஎக்ஸ்கியூ குழுவில் மூன்று பேர், 13 வருஷ ஒப்பந்தம் அநியாயம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வருஷமே கொரிய அரசின் வணிக ஆணையம் 7 வருஷ வரம்போடு ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்தது.

ஏழு வருஷங்கூட, இன்னும் ஒரு படம் வராத நெய்வேலிப் பையனுக்கு அதிகம்! முதலில் ஒரு வருஷம். அதற்குள் இத்தனை வேலை வாங்கித் தந்தால் மேலே நீட்டலாம். தராவிட்டால் அவரவர் வழி. இப்படிக் கேட்பதில் என்ன தப்பு?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியவை

தானாகவே நீளுமா? "முடிவதற்கு 90 நாள் முன்பு எழுதிக் கொடுக்காவிட்டால் மறுபடி 3 வருஷம்" என்பது போல ஒரு வரி ஒளிந்திருக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறிக்காதவர் மாட்டினார்.

விலக வழி உண்டா? கம்பெனி எப்போது வேண்டுமானாலும் விலக்கலாம், நடிகர் விலகக் கூடாது என்றால் அது ஒரு பக்கத் தராசு. ஆறு மாதம் வேலை இல்லாவிட்டால் நடிகரும் விலகலாம் என்று இருக்க வேண்டும்.

தண்டம் எவ்வளவு? விலகினால் 50 லட்சம் என்று மிரட்டும் வரி இருக்கலாம். ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி கோர்ட்டு கொடுப்பது நியாயமான இழப்பீடுதான். எழுதியது அதற்கு மேல்வரம்பு, அவ்வளவே. ஆனால் கோர்ட்டுக்குப் போய்த்தான் அதைச் சொல்ல வேண்டும். ஆகவே முன்னாலேயே குறைப்பது புத்தி.

பணம் யார் கைக்கு? "நடிகருக்காகப் பணம் வாங்கவும் கையெழுத்துப் போடவும் கம்பெனிக்கு அதிகாரம்" என்று ஒரு வரி வரும். அது அதிகாரப் பத்திரம்! வீட்டுப் பத்திரத்துக்கு இப்படி யாராவது எழுதிக் கொடுப்பார்களா? பணம் நடிகர் பாங்கிக் கணக்குக்கு வந்து, கமிஷனை அவர் கொடுப்பதுதான் முறை.

பழைய வேலைக்கும் பங்கா? கம்பெனி வருவதற்கு முன்பே பையன் சொந்தமாகத் தேடிக்கொண்ட வாய்ப்பு, அவனே வளர்த்த வீடியோ சேனல். இதிலும் கமிஷன் கேட்டால் "இது சேராது" என்று பட்டியல் போட்டு எழுத வேண்டும். பாஸ்வேர்டை ஒப்படைப்பது வீட்டுச் சாவியை ஒப்படைப்பது மாதிரி.

வழக்கு எந்த ஊரில்? தகராறு வந்தால் மும்பையில் மத்தியஸ்தம் என்று எழுதியிருந்தால், கடலூர் தாண்டாத குடும்பம் என்ன செய்யும்?

இதையெல்லாம் விடச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. வேலை தேடித் தருகிறவர், வேலை கிடைத்த பிறகுதான் பங்கு வாங்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னாலேயே பதிவுக் கட்டணம், ஆல்பத்துக்குப் பணம் என்று கேட்டால், அங்கே நடிகரை வைத்துத் தொழில் நடக்கவில்லை. நடிகரிடமே தொழில் நடக்கிறது!

சின்னப் பிள்ளைகள் விஷயம்

18 வயசு நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால்தான் தகப்பனார், தாயார் கையெழுத்தைக் கேட்கிறார்கள். அப்படிப் போடும்போது, பிள்ளை வராவிட்டால் நஷ்டத்துக்குப் பெற்றோரே பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

14 வயசுக்குக் குறைந்த குழந்தை நட்சத்திரங்களுக்கு 2017-ல் மத்திய அரசு விதிகள் வந்தன. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தை பேரில் பாங்கியில் டெபாசிட் போட வேண்டும். இதற்கு மாறாக எந்த அக்ரிமெண்டு எழுதினாலும் அது தாள்தான்.

"கேள்வி கேட்டா வாய்ப்பு போயிடுமே?"

பெற்றோர் சொல்லும் பதில் இதுதான். "ஆயிரம் பேர் வரிசையிலே நிக்கிறான். நாம கேள்வி கேட்டா அடுத்தவனைக் கூப்பிட்டுக்குவாங்க சார்." இந்தப் பயம் நியாயமானது. பயந்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

மானேஜர்கள் எல்லாரும் மோசக்காரர்களும் இல்லை. டைரக்டர் ஆபீசு வாசலைக் காட்டவும், சம்பளத்தை அதட்டிக் கேட்கவும், வெளியூர்ப் பையனுக்கு ஒரு ஆள் வேண்டும். உழைக்கிறவர் கமிஷன் வாங்குவதில் அநியாயம் இல்லை.

ஆனால் யோசிக்க வேண்டும். உண்மையிலேயே பிள்ளையின் திறமையை நம்பி வருகிற கம்பெனி, ஒரு வாரம் பொறுக்காதா? "இன்னிக்கே போடணும், வெளியே காட்டக் கூடாது, வக்கீல் எல்லாம் வேண்டாம்" என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரமே பதில். தாளைப் படிக்க விடாதவர் நாளைக்குக் கணக்கைப் பார்க்க விடுவாரா?

ஆக, ஒரு வாரம் டயம் கேட்க வேண்டும். இங்கிலீஷ் புரியாவிட்டால் தமிழில் எழுதிக் கேட்க வேண்டும். மாற்றச் சொன்னது மாறியிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஒரு நகல் வீட்டுக்கு வர வேண்டும். எழுதாத இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடவே கூடாது.

வக்கீலுக்குக் காசு?

அதற்கும் வழி இருக்கிறது. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. குறைந்த வருமானக்காரர்களுக்கும் உண்டு. வழக்கு நடத்துவது மட்டும் இல்லை, ஆலோசனை சொல்வதும் இதில் அடக்கம். கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

தொழிலாளிகள் நிறைந்த ஊரில் தொழிலாளிக்கென்றே இருக்கும் உரிமை இது. பயன்படுத்தாமல் விடலாமா?

நெய்வேலிக்கு இன்னொரு யோசனையும் உண்டு. ஊதிய ஒப்பந்தத்தை அலசுகிற தொழிற்சங்கத்துக்காரர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். ஷரத்து, காலக்கெடு, தண்டம், அரியர்ஸ் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சங்க ஆபீசில் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கி, வெளி வேலைக்குப் போகும் பிள்ளைகளின் தாளைப் படித்துக் காட்டினால் என்ன? சினிமா என்று இல்லை, வளைகுடா வேலை, டி.வி. வேலை எதுவானாலும் சரி. வக்கீலிடம் போவதற்கு முன்பே பாதி வில்லங்கம் தெரிந்துவிடும்.

பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது பேரை மட்டும் அல்ல, அவன் வாலிபத்தின் சில வருஷங்களை. சம்பள ஒப்பந்தத்தில் பத்து ரூபாய் பஞ்சப்படிக்குக் கொடுக்கும் கவனத்தை, அந்த வருஷங்களுக்கும் கொடுக்க வேண்டும். பேனாவை எடுப்பதற்கு முன்னால் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளட்டும், நெய்வேலித் தகப்பன்மார்கள்!